பிரீ-செற்றில்ட் இருந்தால் காசு வரும் எண்டு நம்பிப் போகாதேங்கோ

பிரான்ஸ், ஜேர்மனி, ஹொலண்ட், டென்மார்க் பாஸ்போட்டோட லண்டனுக்கு வந்து குடியேறின எங்கட ஆக்கள் கனபேர். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறினதோட, 2020 டிசம்பர் 31 இரவு அந்தப் பாஸ்போட்டுக்கு இருந்த பழைய உரிமை முடிஞ்சுது. அதுக்கு முதல் வந்திருந்த ஆக்களுக்குத்தான் செற்றில்மென்ட் ஸ்கீம்: அஞ்சு வருசம் இருந்தால் செற்றில்ட் எண்ட நிரந்தர இருப்புரிமை, குறைவெண்டால் பிரீ-செற்றில்ட் எண்ட தற்காலிக உரிமை. இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். பெனிஃபிட், அதாவது அரசாங்க உதவிக்காசு, கேக்கேக்கை இந்த ரெண்டும் ஒண்டில்லை எண்டது தெரியாமத்தான் கனபேர் அடிபட்டு நிக்கினம்.

செற்றில்ட் எண்டால் பெரும்பாலும் இந்த நாட்டுப் பிரஜை மாதிரித்தான் பாப்பினம். பிரீ-செற்றில்ட் எண்டால் இருக்கலாம், வேலை செய்யலாம், ஆனா யூனிவேர்சல் கிரெடிட்டோ (வருமானம் குறைஞ்சவைக்கான காசு) சைல்ட் பெனிஃபிட்டோ (பிள்ளையளுக்கான காசு) கேக்கப் போனால் "ரைட் டு ரிசைட்" இருக்கோ எண்டு தனியாக் கேப்பினம். அதாவது நீங்கள் இப்ப வேலை செய்யிற ஆளோ, சொந்தத் தொழிலோ, வேலை போனாலும் அந்த உரிமை கையில இருக்கிற ஆளோ, இல்லாட்டி அப்பிடியான ஒருத்தரிட குடும்பமோ எண்டு. பிரீ-செற்றில்டை மட்டும் நீட்டிக் காசு கேக்கேலாது எண்டு 2021 டிசம்பரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிப்போட்டுது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, பிரெஞ்சுப் பாஸ்போட், ரெண்டு இடத்தில கிளீனிங். உடம்புக்கு ஏலாமல் மணித்தியாலம் குறைஞ்சாப்பிறகு யூனிவேர்சல் கிரெடிட் போட்டா, நீங்கள் வேலையாளே இல்லை எண்டு கடிதம் வந்துது. கிழமைக்கு 242 பவுண் வீதம் மூண்டு மாசம் தொடர்ந்து உழைச்சிருந்தால் கேள்வியில்லாமல் வேலையாள் எண்டு எடுப்பினம். அதுக்குக் குறைய எண்டால் உடனே மறுக்கச் சொல்லி எந்த ரூல்ஸும் இல்லை, எத்தினை மணித்தியாலம், எவ்வளவு காலம், உண்மையான வேலையோ எண்டு விசாரிச்சுப் பாக்கவேணும். ஆர் பாக்கினம்? அந்த அக்கா ரெண்டாவது வேலையின்ர பேஸ்லிப்புகளை ரப்பர்பாண்ட் போட்டுச் சுத்தி ஹாண்ட்பாக்குக்குள்ள கொண்டுதிரிஞ்சா, ஒருத்தரும் காட்டுங்கோ எண்டு கேக்கேல்லை.

ஆனபடியால் பேஸ்லிப், பி60 (வருசச் சம்பளக் கணக்குத் தாள்), வேலை கொன்ட்ராக்ட், சம்பளம் வந்த பாங்க் ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் கேக்கமுதலே அப்லோட் பண்ணுங்கோ. வேலை போனால் "கொஞ்சநாள் பாப்பம்" எண்டு வீட்டில இருக்காமல் கெதியா ஜொப் சென்டரில பதியுங்கோ, ஏனெண்டால் இடையில மாசக்கணக்கில இடைவெளி விழுந்தால் வேலையாள் எண்ட உரிமையை வைச்சிருந்தீங்கள் எண்டு காட்டுறது கஷ்டம். வருத்தத்தால வேலை செய்யேலாட்டி டொக்டரிட்டை சிக் நோட் எடுத்து அதையும் குடுங்கோ.

ஃபோனில ஒருத்தர் "உங்களுக்கு இல்லை" எண்டு சொன்னால் அது முடிவில்லை. எழுத்தில தாங்கோ எண்டு கேளுங்கோ. மறுப்புக் கடிதத்தில இருக்கிற திகதியில இருந்து ஒரு மாசத்துக்குள்ள மேண்டட்டரி ரீகன்சிடரேஷன், அதாவது முடிவைத் திரும்பப் பாக்கச்சொல்லி, கேக்கவேணும், யூனிவேர்சல் கிரெடிட் ஒன்லைன் எக்கவுண்டில இருக்கிற ஜேர்னலிலயே எழுதலாம், அப்பத்தான் திகதியோட பதிவு இருக்கும். அதையும் மறுத்தால் ட்ரிப்யூனல் எண்ட தீர்ப்பாயத்தில அப்பீல், அதுக்கும் ஒரு மாசம்தான். கனபேர் முதல் கடிதத்தோடயே கைவிட்டிடீனம், அதுதான் மறுக்கிற ஒஃபிசுக்கும் வசதி.

திரும்பப் பாக்கச்சொல்லிக் கேக்கேக்கை இன்னொண்டையும் எழுதுங்கோ. 2023 நவம்பரில அப்பீல் கோர்ட் ஏ.டி. (AT) கேஸில ஒரு தீர்ப்புக் குடுத்தது. 2020 முடியமுதல் வந்து பிரீ-செற்றில்ட் எடுத்த ஒருத்தருக்கு ரைட் டு ரிசைட் இல்லாட்டிலும், உதவியை மறுத்தால் அவர் அடிப்படைத் தேவைக்கே வழியில்லாமல் போவாரோ எண்டு ஆளாளாப் பாத்திட்டுத்தான் மறுக்கலாம் எண்டு. வாடகை பாக்கிக் கடிதம், காசில்லாத பாங்க் ஸ்டேட்மென்ட், ஃபூட் பாங்க் வவுச்சர் எல்லாம் இதுக்கு ஆதாரம். நீங்களா AT கேஸ் எண்டு எழுதாட்டி அந்தப்பக்கம் திரும்பியும் பாக்காயினம்.

இந்த இழுபறியே வேண்டாமெண்டால் செற்றில்டுக்கு மாறுங்கோ. 2025 இல இருந்து ஹோம் ஒஃபிஸ் தானாவே மாத்துது எண்டு கேள்விப்பட்டுச் சும்மா இருக்காதேங்கோ. அவையள் பாக்கிறது டாக்ஸ் ரெக்கோர்டும் பெனிஃபிட் ரெக்கோர்டும்தான். வீட்டில பிள்ளையளைப் பாத்துக்கொண்டிருந்த அம்மாமாருக்கு அது ரெண்டும் இருக்காது, கரன்ட் பில்லில இருந்து கவுன்சில் டாக்ஸ் வரைக்கும் மனிசன்ர பேரில. அவை ஜீபீ (குடும்ப டொக்டர்) கடிதம், பிள்ளையின்ர பள்ளிக்கூடக் கடிதம், தங்கட பேரில ஒரு பாங்க் எக்கவுண்ட் எண்டு சேத்துத் தாங்களா விண்ணப்பிக்கவேணும். 2025 ஜூலையில இருந்து கடைசி 60 மாசத்தில 30 மாசம் இங்க இருந்ததைக் காட்டினால் காணும், அதால இடையில வெளிநாடு போய் நிண்ட ஆக்களும் திரும்ப ஒருக்கால் பாக்கலாம்.

இங்க பிறந்த பிள்ளை தானா பிரித்தானியப் பிரஜை எண்டு நினைக்காதேங்கோ. பிறக்கேக்கை தாய் தேப்பன் ரெண்டுபேரும் பிரீ-செற்றில்ட் எண்டால் பிள்ளைக்கு மூண்டு மாசத்துக்குள்ள தனியா விண்ணப்பிக்கவேணும்.

இந்த உரிமைக்கான பதிவு எல்லாம் ஒன்லைன் எண்டதால ஃபோன் நம்பரும் ஈமெயிலும் மாறினால் உடனே எக்கவுண்டில மாத்துங்கோ, பழைய சிம்முக்குக் கோட் போய்க்கொண்டிருந்தால் ஷெயார் கோட் (உங்கட உரிமையை மற்றவைக்குக் காட்டக் குடுக்கிற இலக்கம்) எடுக்கேலாது, ஷெயார் கோட் இல்லாமல் வேலையும் இல்லை வீடும் இல்லை. புதுப் பாஸ்போட் எடுத்தால் அதையும் ஏத்துங்கோ. இந்த ஸ்கீம் விண்ணப்பத்துக்கு ஒரு பென்ஸும் கட்டணமில்லை. ஆராவது நிரப்பித்தாறன் எண்டு காசு கேட்டால், இமிகிரேஷன் அட்வைஸ் அதோரிட்டியில பதிஞ்ச ஆளோ எண்டு அவையின்ர இணையத்தில பேரைப் போட்டுப் பாத்திட்டுக் குடுங்கோ.