மாத்திரையை நிறுத்தினவரிடம் முதலில் என்ன கேட்கிறோம்?

"டிபி ஆபீஸ்லேர்ந்து வர்றேன். இங்க ஒரு டிஃபால்டர் வீடு எதுங்க?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தெருமுனைப் பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு, பெயரையும் சொல்லி நான் கேட்ட கேள்வி இது. இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. கடைக்காரருக்கு டிபி தெரியும். டிஃபால்டரும் தெரியும், வேறு வழியில். "குழு லோன் கட்டாத விஷயமாங்க?" என்றபடியே வீட்டைக் கை காட்டினார். கதவைத் திறந்த அம்மா, நான் சொன்ன பெயரைக் கேட்டதும் "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று சொல்லிச் சாத்திக்கொண்டார். நான் தேடிப்போனவர் அவர்தான். அந்த வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே கேள்வியில் நோயையும் இல்லாத கடனையும் சேர்த்து அவர் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தேன். அவர் மறுபடி மருந்துக்கு வர ஏழு வாரம் ஆனது. அதில் எனக்குப் பங்கில்லை. அந்தப் பகுதி கிராம சுகாதார செவிலியர் இரண்டு மூன்று முறை நடந்து, பேசிச் சரிக்கட்டினார்.

காசநோய்ப் பிரிவில் களப்பணியாளனாக இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. எங்கள் துறையில் புழங்கிய சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: இருமலோடு வருகிறவர் 'சஸ்பெக்ட்'. நோய் உறுதியானால் 'கேஸ்'. மாத்திரையை விட்டால் 'டிஃபால்டர்'. அவரைத் தேடிப்போவது 'ட்ரேசிங்'. ஆஸ்பத்திரியா காவல் நிலையமா என்று வெளியாள் குழம்பினால் அவர் மேல் தப்பில்லை. கிராமத்தில் "உங்க மேல ஒரு கேஸ் இருக்கு" என்றால் முதலில் வக்கீலைத்தான் தேடுவார்கள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு காலத்தில் டிபி என்றால் சானடோரியம்தான், அதாவது நோயாளிகள் மாதக்கணக்கில் தங்கிப் படுத்திருக்கும் ஆஸ்பத்திரி. தாம்பரத்தில் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம், வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சானடோரியத்தில் படுத்திருப்பவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகிறார்கள் என்று காட்டியது. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்க டிபி வைத்தியத்தையே மாற்றியது. நம்ம ஊர்க்காரர்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் நோயாளி வீட்டுக்குப் போனதும் புதுக் கவலை ஒன்று முளைத்தது: மாத்திரையைச் சாப்பிடுகிறாரா இல்லையா? சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவது, சிறுநீரைப் பரிசோதிப்பது எல்லாம் அந்த நாளிலேயே ஆரம்பமானவை. கண்காணிப்பு தேவைதான், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கண்காணித்துக் கண்காணித்து, பேச்சும் காவல்காரன் பேச்சாகிவிட்டது.

டிஃபால்டர் என்பது வெறும் வசைச்சொல்லாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கென்று ஒரு மருந்துப் பெட்டியே இருந்தது. பழைய முறையில் புது நோயாளிக்குச் சிவப்புப் பெட்டி, 6 மாதம். இரண்டு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து மருந்தை விட்டுத் திரும்பி வந்து, சளியில் கிருமியும் இருந்தால் நீலப் பெட்டி: 8 மாதம், கூடவே 24 ஊசி. ஊசி போட வாரத்துக்கு மூன்று நாள் வரவேண்டும், மூன்று நாள் கூலி போகும். ஏற்கெனவே கூலி போகிறதே என்று மருந்தை விட்டவருக்கு நாங்கள் கொடுத்த வைத்தியம் இது. நல்லவேளை, அந்த முறை இப்போது இல்லை. 2017இலிருந்து தினசரி மாத்திரை வந்துவிட்டது.

பெட்டி போனாலும் அந்தப் பார்வை சுலபத்தில் போகவில்லை. ஒருவர் கதை சொல்கிறேன், அடையாளத்தை மாற்றித்தான்.

மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மூன்றாவது மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்கு முன்னால் இரண்டு பேர் போய்ப் பார்த்திருந்தார்கள். அட்டையில் இருந்த குறிப்பு: "குடிப்பழக்கம். சாக்குப்போக்கு சொல்கிறார். ஒத்துழைக்கவில்லை." மூன்றாவதாகப் போன நானும் அதே அட்டையைப் படித்துவிட்டு, அதே முகத்தோடுதான் போனேன். அன்றைக்குப் பார்த்து வண்டி பஞ்சர். கடைக்காரப் பையன் ஒட்டித் தரும்வரை வேறு போக்கிடம் இல்லாமல் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்றேன். "சூடுங்க" என்றார். இது நாங்கள் தினம் கேட்கிற பதில். இதற்கு எங்களிடம் ஒரு தயார் பதில் உண்டு: "அதெல்லாம் ஒண்ணுமில்ல, மோர் குடிங்க." அன்று நேரம் இருந்ததால் வேறு ஒன்று வாயில் வந்தது. "எங்கண்ணே சூடு தெரியுது?"

அவர் காலைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கால். பகலில் தெரியாதாம், ராத்திரி படுத்தால் தணலில் வைத்ததுபோல எரியுமாம். சுவரோரம் ஒரு நனைந்த கோணிச்சாக்கு கிடந்தது. அதன்மேல் காலை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றார். அட்டையில் எழுதியிருந்த 'சாக்கு' எதுவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டிபி மருந்துகளில் ஒன்றான ஐசோநியாசிட், உடம்பிலுள்ள பி6 வைட்டமினைக் குறைத்துவிடும். நரம்பு பாதித்துக் கை கால் எரியும், மரத்துப்போகும். சத்துக் குறைந்தவர்களுக்கும் குடிக்கிறவர்களுக்கும் இது அதிகம். அதற்கான பைரிடாக்சின் மாத்திரை விலையும் குறைவு. டாக்டரிடம் கூட்டிப்போனோம், மாத்திரை சேர்த்தார்கள், எரிச்சல் படிப்படியாகத் தணிந்தது. "ரெண்டு பேர்கிட்டயும் இதைத்தாங்க சொன்னேன்" என்று அவர் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. சொல்லியிருக்கிறார். 'சூடு' என்ற வார்த்தையை நாங்கள் மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிட்டோம்.

அதன்பிறகு யார் 'சூடு' என்றாலும் எங்கே, எப்போது என்று கேட்காமல் விடுவதில்லை. வயிறு எரிச்சல் என்றால் ஒன்று, கால் எரிச்சல் என்றால் வேறொன்று. சிறுநீர் சிவந்து போகிறதே, உடம்பு கொதிக்கிறதோ என்று பயப்படுவார்கள். அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், ஆரஞ்சாகத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. இதை மருந்து தொடங்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அதோடு கண்ணும் மஞ்சளாகி, சாப்பாடு பிடிக்காமல், வாந்தியும் வந்தால் ஈரலைப் பார்க்க வேண்டும், அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும். இத்தனையும் எங்கள் ஊரில் 'சூடு' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கும். "ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டால் ஒரு தற்காப்பு கிடைக்கும். "மாத்திரை போட்டா என்ன பண்ணுது?" என்று கேட்டால் ஒரு நோய்க்குறி கிடைக்கும். எனக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

தமிழில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. "மாத்திரை போட்டியா?", "மாத்திரை போட்டீங்களா?" இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்! வெள்ளைச் சட்டை போட்டவர் புறநோயாளி வரிசையில் வந்தால் 'நீங்க', கைலியில் வந்தால் 'நீ'. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாக்கு தன்னால் திரும்பிக்கொள்கிறது. நானும் விதிவிலக்கில்லை. 'நீ' என்று கூப்பிடப்பட்டவர் மறுகேள்வி கேட்கமாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். தலையாட்டியதைப் புரிந்துகொண்டதாக நாம் எழுதிக்கொள்வோம். நாற்பத்தைந்து வயதுப் பெண்ணை, நோயில் இளைத்திருக்கிறார் என்பதற்காகப் 'பாட்டி' என்று கூப்பிடுகிற தம்பிகளும் இருக்கிறார்கள். அக்கா என்று சொல்லுங்கப்பா, காசா பணமா?

சளிப் பரிசோதனைக்கு வருவோம். டப்பாவைக் கையில் கொடுத்து "இதுல துப்பிக் குடுங்க" என்றால் துப்பித்தான் கொடுப்பார்கள். வருவது எச்சில். எச்சிலில் கிருமியைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். நோய் இருந்தும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பெண்களிடம் இது இன்னும் மோசம். நாலு பேர் பார்க்கக் காறி இருமக் கூசுவார்கள். ராவல்பிண்டியில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. எப்படி இருமிச் சளி எடுப்பது என்று விளக்கிச் சொன்ன பெண்களில் 13 சதவீதம் பேருக்குக் கிருமி தெரிந்தது, வழக்கம்போல டப்பாவைக் கொடுத்து அனுப்பியவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான் தெரிந்தது. மருந்தோ மெஷினோ மாறவில்லை. நான் சொல்வது இப்படி: "காலையில எந்திரிச்சதும், வாயைக் கொப்பளிச்சிட்டு, மூச்சை நல்லா உள்ள இழுத்து ரெண்டு தடவை விடுங்க. மூணாவது தடவை நெஞ்சுக்குள்ளேர்ந்து இருமி எடுங்கக்கா. எச்சில் வேணாம், கெட்டியா வர்றதுதான் வேணும். மொட்டைமாடியில, வெளிக்காத்துல நின்னு எடுங்க, யாரும் பார்க்க மாட்டாங்க." அரை நிமிடப் பேச்சு.

'நெகட்டிவ்' என்ற சொல் தனித் தொல்லை. இரண்டு மாதம் மருந்து சாப்பிட்டதும் சளியை மறுபடி பார்ப்போம். "நெகட்டிவ் வந்துருச்சு, சூப்பர்!" என்று நாமே கொண்டாடுவோம். அவருக்குக் காதில் விழுவது 'குணமாயிடுச்சு'. மூன்றாம் மாதம் ஆளைக் காணோம். இப்போதெல்லாம் "கிருமி குறைஞ்சிருக்கு, உள்ள ஒளிஞ்சிருக்கறதுக்கு இன்னும் நாலு மாசம் மருந்து வேணும்" என்கிறேன். 'பாசிட்டிவ்' அதற்கு அண்ணன். டிபி நோயாளிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்வதால், "பாசிட்டிவ்" என்று மொட்டையாகச் சொன்னால் எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் சிலர் இடிந்துபோகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரி, இனி எல்லாவற்றையும் இதமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தீர்களானால், அதுவும் ஆபத்து. ஒரு கல்லூரி மாணவி. வீட்டார் கெஞ்சிக் கேட்டதால், மருந்து தொடங்கிய இடத்தில் "நெஞ்சுல லேசா சளி கட்டியிருக்கும்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். லேசான சளிக்கு யார் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுவார்கள்? இருமல் நின்றதும் அவரும் நிறுத்திவிட்டார். மறுபடி உடம்புக்கு முடியாமல் வந்தபோது உண்மையைச் சொன்னோம். அழவில்லை, கோபப்பட்டார். "டிபின்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நானே முழுசா போட்டிருப்பேனே சார்!" அவருக்கு என்ன பதில் சொல்வது? நோயின் பெயரை மறைத்து நாம் காப்பாற்றியது அவரையல்ல, நம் சங்கடத்தை.

மேலே இருப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. இந்தச் சொற்கள் நோயாளியைக் குற்றம் சொல்கின்றன, மாற்ற வேண்டும் என்று பல நாட்டு டிபி மருத்துவர்கள் 2012இல் எழுதினார்கள். 2013இல் உலக சுகாதார நிறுவனம் தன் வரையறைகளிலிருந்து சஸ்பெக்டையும் டிஃபால்டரையும் நீக்கியது. டிஃபால்டருக்குப் பதில் வந்தது 'லாஸ்ட் டு ஃபாலோ அப்', அதாவது தொடர்ந்து பார்க்க முடியாமல் போனவர். நம் பதிவேடுகளிலும் மாறியது. நல்ல மாற்றம். ஆனால் எங்கள் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? ஒரே வருடத்தில் அதை 'எல்.எஃப்.யு.' என்று சுருக்கி, "அந்த எல்.எஃப்.யு. பார்ட்டி வந்தாரா?" என்று பழைய தொனியிலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நியாயமாக அந்தச் சொல், தொடர்பை விட்டது நாம்தான் என்றும் கொள்ளத்தக்கது. பயிற்சி வகுப்பில் நான் 'விட்டுப்போனவர்' என்று சொல்வதில்லை. 'நம்மகிட்ட தொடர்பு அறுந்தவர்' என்கிறேன். அறுந்த கயிற்றுக்கு இரண்டு முனை உண்டே.

உதவித்தொகை பற்றி ஒன்று. சிகிச்சை முடியும்வரை சத்தான சாப்பாட்டுக்காக 2018இலிருந்து மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1,000. "கவர்மெண்ட் இலவசமா குடுக்குது, வாங்கிக்குங்க" என்றபோது ஓர் ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் ஓட்டி சம்பாதிக்கிறேன் சார், வேற இல்லாதவங்களுக்குக் குடுங்க." அடுத்த முறை, "இது சாப்பாட்டு மருந்துண்ணே. மாத்திரை மாதிரியே இதுவும் ட்ரீட்மெண்ட்ல சேர்த்தி" என்றேன். பாஸ்புக்கைக் கொண்டுவந்தார். நான் சொன்னது ஆளை வளைக்கும் தந்திரமல்ல. ஜார்க்கண்டில் டிபி குடும்பங்களுக்கு உணவுப் பொருள் கொடுத்து நடத்திய ஆய்வில், வீட்டில் மற்றவர்களுக்கு நோய் வருவது 39 சதவீதம் குறைந்ததாக 2023இல் முடிவு வந்தது. இலவசம் என்ற சொல்தான் பொருத்தமில்லாதது.

உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது என்று இருந்தால், அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம். விவரம் கேட்க 1800116666 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அவரிடம் "உனக்கு டிபியா இருக்குமோ, போய்ப் பாரு, எங்களுக்கும் ஒட்டிக்கப்போகுது" என்று வாசலில் நின்று சொல்லாதீர்கள். உள்ளே போய் உட்கார்ந்து, "ரெண்டு வாரமா இருமல் நிக்கலையே, நாளைக்குக் காலையில சளி குடுத்துப் பார்த்துடலாமா? நானும் கூட வர்றேன்" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டால் மறுநாள் கூடப் போகவும் வேண்டும். காலை எட்டு மணிக்கே போய்விட்டால் வரிசை குறைவு.