மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாத ஒவ்வாமை

இறால் சாப்பிட்ட பத்தாவது நிமிடத்தில் கையெல்லாம் தடிப்பு எழும்புகிறது. வீட்டில் இருக்கும் செட்டிரிசின், லோராட்டடின் போன்ற ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று உட்காருகிறோம். தடிப்பும் அரிப்பும் மட்டும் என்றால் அதில் தவறில்லை. ஆளைத் தனியே விடாமல் கவனித்துக்கொண்டால் போதும். ஆனால் குரல் கரகரக்கத் தொடங்கினாலோ, இருமல் விடாமல் வந்தாலோ, தலை சுற்றினாலோ காத்திருக்க நேரம் இல்லை. அது அனாஃபிலாக்சிஸ் எனப்படும் தீவிர ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து ஒன்றே ஒன்றுதான்: தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி.

காரணம் உடலுக்குள் நடப்பதில் இருக்கிறது. ஒவ்வாத புரதத்தை உடல் முன்பே சந்தித்து, அதற்கென ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்திருக்கும். தோல், மூச்சுக்குழாய், குடல், ரத்த நாளங்களின் ஓரம் என எங்கும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் அது ஒட்டிக்கொண்டிருக்கும். அதே புரதம் மறுபடியும் உள்ளே வந்ததும் அந்த செல்கள் ஹிஸ்டமின், டிரிப்டேஸ், லியூக்கோட்ரைன் முதலிய பல வேதிப்பொருள்களை ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. ரத்த நாளங்கள் விரிந்து கசிகின்றன. கடுமையான நிலையில், நாளங்களுக்குள் இருக்கும் திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை பத்தே நிமிடத்தில் திசுக்களுக்குள் போய்விடலாம். மூச்சுக்குழாய்த் தசை இறுகுகிறது, குரல்வளை வீங்குகிறது.

ஒவ்வாமை மாத்திரை இதில் ஹிஸ்டமினை மட்டும்தான் தடுக்கும். அதுவும் வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். விழுந்த ரத்த அழுத்தத்தை அதனால் தூக்க முடியாது. வீங்கிய தொண்டையைத் திறக்கவும் முடியாது. ஸ்டீராய்டுக்குப் பல மணி நேரம் தேவை. அட்ரினலின் மட்டுமே விரிந்த நாளங்களைச் சுருக்கி, தொண்டை வீக்கத்தைக் குறைத்து, இதயத் துடிப்புக்கு வலுவூட்டி, மூச்சுக்குழாயைத் தளர்த்தி, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் கட்டுப்படுத்துகிறது.

பிரிட்டனில் அனாஃபிலாக்சிஸால் இறந்தவர்களைப் பற்றி 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, இதயமோ மூச்சோ நின்றுபோக எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்கிட்டது. இடைநிலை அளவு உணவுக்கு 30 நிமிடம், பூச்சிக் கொட்டுக்கு 15, சிகிச்சையின்போது செலுத்திய மருந்துகளுக்கு 5. மாத்திரை வேலை செய்ய ஆகும் நேரத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

சரி, சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ எப்போது அழைப்பது? திடீரென்று தோலில் தடிப்போ, உதடு அல்லது முக வீக்கமோ வந்து, அதனுடன் மூச்சுத் திணறல், நெஞ்சில் வீசிங் சத்தம், மயக்கம், கடுமையான வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலே அது அவசரம். ஒவ்வாது என்று தெரிந்த ஒன்றைச் சாப்பிட்ட பிறகோ, குளவி கொட்டிய பிறகோ மூச்சுத் திணறினால், தொண்டை அடைத்தால், ரத்த அழுத்தம் விழுந்தால் தோலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அவசரம்தான். பத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்குத் தோல் அறிகுறியே இருப்பதில்லை. நாக்கு தடித்துப்போவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது மூன்றும் தொண்டை அடைபடுவதைச் சொல்லும். பேச முடியாத குழந்தை திடீரென்று வெளிறித் துவண்டுபோனாலோ, அழுகைச் சத்தம் கரகரத்தாலோ யோசிக்கவே வேண்டாம்.

நம் நிறத்துக்கு ஒரு குறிப்பு. ‘தோல் சிவக்கும்’ என்று கையேடுகளில் படிக்கிறோம். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. கையால் தடவிப் பாருங்கள், தடிப்பு மேடாகத் தட்டுப்படும். உள்ளங்கை, உள்ளங்கால், உச்சந்தலை அரிக்கிறதா என்று கேளுங்கள். வெளிறியிருக்கிறதா என்பதை உதட்டிலும் ஈறிலும் கீழ் இமையின் உட்புறத்திலும் பாருங்கள்.

எப்பிபென் என்ற அட்ரினலின் ஊசிப் பேனாவை வைத்திருப்பவர்கள் ஊசியை முதலில் போட்டுவிட்டுத்தான் 995ஐ அழைக்க வேண்டும். 15 முதல் 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 0.15 மில்லிகிராம், அதற்கு மேல் 0.3 மில்லிகிராம். பேனாவை முஷ்டியால் பற்றி, மறு கையால் நீல மூடியை நேராக இழுத்து எடுங்கள். ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் வைத்து, ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். மூன்று விநாடி அப்படியே வைத்திருங்கள். பழைய கையேடுகளில் 10 விநாடி என்றிருக்கும். வெளியே எடுத்ததும் ஆரஞ்சு முனை நீண்டு ஊசியை மூடியிருந்தால் மருந்து போய்விட்டது என்று பொருள். பேனாவின் எந்த முனையிலும் கட்டைவிரலை வைக்காதீர்கள். பதற்றத்தில் தலைகீழாகப் பிடித்துத் தங்கள் விரலிலேயே குத்திக்கொண்டவர்கள் உண்டு. ஜீன்ஸ் மேலேயே குத்தலாம், ஆனால் பையில் சாவியோ கைப்பேசியோ இருக்கக் கூடாது. சேலை, வேட்டி மடிப்பை ஒதுக்கிவிடுங்கள். குழந்தையின் காலை இறுகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அது உதறும்போது ஊசி தோலைக் கிழித்துவிடும். தொடைத் தசை ஏன் முக்கியம்? குழந்தைகளிடம் 1998இல் நடந்த ஓர் ஆய்வில், அங்கே போட்ட அட்ரினலின் சுமார் 8 நிமிடங்களில் ரத்தத்தில் உச்சத்தைத் தொட்டது. தோலுக்கடியில் போட்டது சுமார் 34 நிமிடம் எடுத்துக்கொண்டது.

கை நடுக்கமும் படபடப்பும் வரும், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். தாத்தாவுக்கு இதய நோய் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். அனாஃபிலாக்சிஸில் அட்ரினலினைத் தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து. ஆனால் அவர் இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம், அதைத் துணை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்துமாவும் உணவு ஒவ்வாமையும் சேர்ந்து உள்ளவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கினால் முதலில் அட்ரினலின், அதன் பிறகே நீல நிற இன்ஹேலர். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இரண்டாவது பேனா.

பலர் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். வாடகை வண்டியைப் பிடித்து மருத்துவமனைக்குப் போய்விடலாம் என்று நோயாளியை எழுப்பி, மின்தூக்கி வரை நடக்க வைக்கிறார்கள். திரவம் கசிந்துபோன உடலில் ஆளை நிமிர்த்தினால், மிஞ்சிய ரத்தம் கால்களில் தேங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வர ரத்தம் இராது. எழுந்து நின்ற சில விநாடிகளில் இதயம் நின்றுபோன மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆகவே தரையில் மல்லாக்கப் படுக்க வைத்துக் கால்களைத் தூக்கி வையுங்கள். மூச்சுத் திணறினால் கால்களை நீட்டி உட்காரலாம். வாந்தி எடுப்பவரையும் நினைவு தப்பியவரையும் பக்கவாட்டில் கிடத்துங்கள், கர்ப்பிணியை இடப்பக்கமாக. ஊசிக்குப் பின் தெம்பு வந்தாலும் எழக் கூடாது. புளோக் எண், மாடி, வீட்டு எண்ணை 995இல் சொல்லிவிட்டு, வேறொருவரைக் கீழே அனுப்பி மின்தூக்கியைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். குடிமைத் தற்காப்புப் படையின் துணை மருத்துவர்களிடம் அட்ரினலின் இருக்கும். கையில் எப்பிபென் இல்லாதவர்கள் வாடகை வண்டியைத் தேடாமல் 995ஐ அழைக்க இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. 1777 அவசரமற்ற ஆம்புலன்சுக்கான எண், இதற்கு அது உதவாது.

சிங்கப்பூரில் எதனால் வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. இங்குள்ள பிள்ளைகளைப் பற்றி 1999இல் வெளியான ஆய்வில் உணவுவழி அனாஃபிலாக்சிஸுக்கு முதல் காரணமாக இருந்தது, உணவாகச் சாப்பிடும் பறவைக்கூடு. பிற்காலத்தில் நிலக்கடலை முன்னுக்கு வந்துவிட்டது. பால் நன்றாக ஒத்துக்கொள்ளும் சிலருக்கு, பால் பவுடரில் சேர்க்கப்படும் காலக்டோ ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரையால் அனாஃபிலாக்சிஸ் வந்ததும் இங்கே கண்டறியப்பட்டது. பொட்டலத்தில் வரும் உணவில் நண்டு, இறால், முட்டை, மீன், நிலக்கடலை, பால் போன்றவை உறையில் குறிக்கப்பட வேண்டும் என்பது விதி. உணவங்காடி நிலையத்துத் தட்டில் அப்படி எதுவும் எழுதியிருக்காது. சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுதும், மீ சியாமில் காய்ந்த இறாலும், சாத்தே குழம்பில் கடலையும் இருக்கும். வாய் விட்டுக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மருத்துவமனையில் ஆக்சிஜன், சலைன், தேவைப்பட்டால் மறுபடியும் அட்ரினலின் கொடுத்துப் பல மணி நேரம் கண்காணிப்பார்கள். எல்லாம் அடங்கிய பிறகு, ஒவ்வாத பொருளை மறுபடி தொடாமலேயே சிலருக்கு அறிகுறிகள் திரும்பும். இருபது பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இப்படி நடக்கிறது, பெரும்பாலும் முதல் 12 மணி நேரத்துக்குள். சீக்கிரம் வீட்டுக்குப் போக அடம்பிடிக்காதீர்கள். கிளம்பும் முன் ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்பும் கடிதத்தையும் எப்பிபென்னையும் கேட்டு வாங்குங்கள். பேனாக்கள் இரண்டும் ஒரே பையில், நோயாளியுடனேயே இருக்க வேண்டும். 25 பாகைக்குக் கீழ் வைப்பது நல்லது. வெயிலில் நிற்கும் காரிலோ குளிர்பதனப் பெட்டியிலோ வைக்கக் கூடாது. சிறு சாளரத்தில் மருந்து பழுப்பேறித் தெரிந்தால் காலாவதி நாள் வராவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பயிற்சிப் பேனாவை வைத்து வீட்டில் உள்ள எல்லோரும், தாத்தா பாட்டியும் இல்லப் பணிப்பெண்ணும் உட்பட, ஒருமுறையாவது தொடையில் அழுத்திப் பழக வேண்டும்.