நுண்ணலைக் கோடு காட்டினால் மீக்கடத்தி ஆகிவிடுமா?

2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள் மீக்கடத்தி, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள், என்று செய்தி பரவியபோது டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்திலிருந்து மாமா போன் போட்டு, "அறை வெப்பத்துலேயே மீக்கடத்தியாம், இனி லோட்ஷெடிங் ஒழிஞ்சிடும்ல?" என்றார். ஒழியாது. தென்னாப்பிரிக்காவில் அப்போதைய மின்வெட்டுக்கு முக்கியக் காரணம் பழைய நிலக்கரி மின்நிலையங்கள் அடிக்கடி பழுதானது. கம்பியில் வீணாகும் மின்சாரம் அல்ல. எல்கே-99 காட்டிய மின்தடை வீழ்ச்சியும் அதில் கலந்திருந்த செம்பு சல்ஃபைடின் வேலைதான். ஏறத்தாழ 104 டிகிரி செல்சியஸில் அதன் கட்டமைப்பு மாறுகிறது.

பிறகு அதே பொருள் மீக்கடத்திதான் என்பதற்கு, அது நுண்ணலையை (மைக்ரோவேவ்) உட்கவரும் விதத்தையும் சான்றாக முன்வைத்தார்கள். என் அன்றாட வேலையே அந்த அளவீடு என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் ஆராயும் கரிம (கார்பன் சேர்மங்களாலான) மீக்கடத்திப் படிகங்களுக்கு நுண்ணலை அருமையான முறை. மின்வேதி முறையில் வளரும் இந்தக் கருப்பு மினுமினுப்புத் தகடுகள் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். தங்கக் கம்பி ஒட்டிக் குளிரவைத்தால் பல சமயம் விரிசல் விட்டு, மின்தடை தாறுமாறாகத் துள்ளும். நுண்ணலைக்குக் கம்பி தேவையில்லை. படிகத்தைக் குவார்ட்ஸ் குச்சியில் துளி கிரீஸால் ஒட்டி ஒத்ததிர்வுக் குழிக்குள் (நுண்ணலை எதிரொலித்து வலுக்கும் உலோகப் பெட்டி) இறக்கி, 9 கிகாஹெர்ட்ஸ் அலையைச் செலுத்தி, காந்தப்புலத்தை மெல்ல மாற்றுவோம். மீக்கடத்தி என்றால் காந்தப்புலம் சுழியை (பூஜ்யத்தை) நெருங்கும்போது உட்கவர்வில் கூர்மையான குறிகை (சிக்னல்) எழும்; வரைபடத்தில் தெரியும் கோடு அதுதான். பிஇடிடி-டிடிஎஃப் என்ற கரிம மூலக்கூறின் செம்பு தயோசயனேட் உப்பில் இது 10.4 கெல்வினுக்குக் (ஏறத்தாழ மைனஸ் 263 டிகிரி செல்சியஸ்) கீழே தெரியும்.

ஆனால் இரும்புபோன்ற காந்தப் பொருள்களும் சுழிப் புலத்தருகே குறிகை தரும். இடுக்கியிலிருந்து ஒட்டிய துகளே போதும். அந்தக் கிரீஸும் லேசுப்பட்டதல்ல: உறையும்போது சுருங்கிப் படிகத்தை இறுக்கும். இதே குடும்பத்துக் குளோரைடு உப்பு வழக்கமாக மின்கடத்தாப் பொருள். சுமார் 300 பார் அழுத்தத்திலேயே 12.8 கெல்வினில் மீக்கடத்தியாகிவிடுகிறது! புரோமைடு உப்பை 80 கெல்வின் அருகே வேகமாகக் குளிர்வித்தால் மீக்கடத்தும் பகுதி குறைந்துபோகும். படிகம் ஒன்றுதான், குளிர்விக்கும் வேகம் மாறினால் விடை மாறும்.

அதனால் எங்களுக்கு நுண்ணலைக் குறிகை முதல் சல்லடை மட்டுமே. வெற்றுக் குச்சியை அதே கிரீஸோடு வைத்து அளந்தார்களா? வெப்பநிலை ஏற ஏறக் குறிகை மறைந்ததா? அதே வெப்பநிலையில் மின்தடை சுழியாகி, படிகம் காந்தப்புலத்தை வெளியே தள்ளும் மெய்ஸ்னர் விளைவும் தெரிந்ததா? அந்த வரைபடங்கள் இல்லாமல் "மீக்கடத்தி நிறுவனப் பங்கு" என்று யாராவது வந்தால் ஒரு ராண்டுகூடக் கொடுக்காதீர்கள்.