கேழ்வரகு பீர்: பானைக்குள் என்ன நடக்கிறது?

எத்தியோப்பியாவில் அபாய் ஆற்றுக்கு (நீல நைல்தான்) வடக்கே மெதெக்கெல் என்றொரு மண்டலம். அங்கே வாழும் ஷினாஷா மக்கள் பேசுவது ஓமோட்டிக் குடும்பத்து மொழி. அந்தக் குடும்பத்தின் மற்ற மொழிகளில் பெரும்பாலானவை ஆற்றைத் தாண்டி வெகு தெற்கே, நாட்டின் தென்மேற்கில் இருக்கின்றன. சோளம், மக்காச்சோளத்தோடு கேழ்வரகும் இந்த மண்டலத்தின் முக்கியமான பயிர். நம் கேழ்வரகேதான், அதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம், இந்தியாவுக்கு வந்தது பிறகு.

அந்தத் தானியத்தில் அந்நாட்டார் வீட்டிலேயே காய்ச்சும் பீருக்குத் தெல்லா என்று பெயர். பெரும்பாலும் பெண்கள் கைவேலை.

சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குவது ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். அதற்கு மாவுச்சத்தை நேராகத் தின்னத் தெரியாது, சர்க்கரைதான் வேண்டும். அதனால் முதலில் கொஞ்சம் தானியத்தை ஊறவைத்து முளைகட்டுகிறார்கள். முளைக்கும் கரு ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அது விதையின் வெளி அடுக்கைத் தூண்ட, அங்கே அமைலேஸ் என்ற நொதி உருவாகி மாவுச்சத்தை வெட்டுகிறது. விதைக்கு அது குருத்து வளர்க்கும் தீனி. அதற்குள் வெயிலில் காயவைத்து முளையை நிறுத்திவிடுவார்கள். நொதி மட்டும் மாவில் தங்கிவிடும்.

சரி, மீதித் தானியம்? அதை மாவாக்கி ரொட்டியாகச் சுட்டோ, வறுத்தோ பானையில் சேர்க்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். பச்சை மாவுச்சத்து இறுகிய துகள், நொதி எளிதில் உள்ளே நுழையாது. ஈரத்தோடு சூடுபட்டால் துகள் ஊதி உடைந்து வழிவிடும். ஆனால் அதே சூடு நொதியைக் கொன்றுவிடும். ஆகவே ஒரு பங்கு சுடப்படுகிறது, முளைகட்டிய பங்கு அடுப்பைப் பார்ப்பதே இல்லை. இரண்டும் தண்ணீரில் சந்திக்கும்போது, கொல்லப்படாத நொதி உடைந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. வேதியியல் புத்தகம் இல்லாமல் கண்டுபிடித்த ஏற்பாடு இது!

ஈஸ்ட்டைத் தனியாக யாரும் சேர்ப்பதில்லை. தானியத்திலும், கசப்புக்காகப் போடும் கெஷோ என்ற செடியின் இலை, தண்டிலும், பானையிலும் அது ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. பானையைக் காட்டு ஒலிவ மரப் புகையில் காட்டி எடுப்பதும் வழக்கம். புகை, வேண்டாத கிருமிகளைக் குறைத்து வாசனையும் தருகிறது.

முளைகட்டிய கேழ்வரகு மாவில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர்களுக்கு இதே அமைலேஸின் வேலை பழக்கம். சாதா மாவு கெட்டியாகிக் களியாக நிற்கும் அளவில், முளைகட்டிய மாவு நீர்த்தே இருக்கும். கஞ்சி சூடேறி நொதி சாவதற்குள் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை அது வெட்டிவிடுவதால், அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு கொடுக்கலாம்.

தெல்லாவை வெகுநாள் வைத்திருக்க முடியாது. வடிகட்டிய பிறகும் பாக்டீரியாக்கள் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நல்ல புளிப்பு ஏறுவதற்குள் அண்டை வீட்டாரோடு குடித்து முடிக்க வேண்டியதுதான்.