பைபாஸ் கொழுப்பு: தமிழில் என்ன சொல்லலாம்?

திருநெல்வேலிப் பக்கத்துத் தீவனக் கடைகளில் தவிடு, புண்ணாக்கோடு இப்போது 'பைபாஸ் கொழுப்பு' என்ற தூளும் விற்கிறார்கள். கறவை மாட்டுக்கானது. பெயரில் கொழுப்பு புரிந்துவிடுகிறது, பைபாஸ் புரிவதில்லை. அதனால்தான் "கொழுப்புதானே, எண்ணெயை ஊத்தினா போச்சு" என்று, மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது சமையல் எண்ணெயைக் கலந்துவிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கொழுப்பு நம் சொல். கொழுகொழு, கொழுத்த, கொழுமை எல்லாம் அதே வேர்தான். ஊனில் இருக்கும் கொழுப்பை நிணம் என்கின்றன சங்கப் பாடல்கள். பைபாஸ் ஆங்கிலச் சொல். ஒன்றுக்குள் போகாமல் விலகிக் கடப்பது என்று பொருள். சாலைக்கும் இதய அறுவை சிகிச்சைக்கும் அதே சொல்தான். மாட்டில் எதைக் கடக்க வேண்டும்?

மாட்டு வயிற்றில் நான்கு அறைகள். முதலாவதான பெரிய அறை ரூமன், அதாவது அசைவயிறு. வைக்கோலையும் புல்லையும் அங்குள்ள நுண்ணுயிரிகள்தான் நொதிக்க வைக்கின்றன. எண்ணெய் அதிகமாக விழுந்தால் நாரின் மேல் படியும், நுண்ணுயிரிகளையும் முடக்கும். நார் சரியாகச் செரிக்காவிட்டால் பாலில் கொழுப்பு கூடாது, குறையத்தான் செய்யும்.

இதற்குக் கண்டுபிடித்த வழி, கொழுப்பு அமிலத்தைக் கால்சியத்தோடு பிணைத்துவிடுவது. பெரும்பாலும் பாமாயிலிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலம்தான் மூலப்பொருள். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) அசைவயிற்றில் சாதாரணமாக 6-க்கு மேல் இருக்கும். அங்கே இந்தப் பிணைப்பு பெரும்பாலும் பிரியாது. நான்காம் அறையில் 2, 3 என்று புளிப்பு ஏறும்போது பிரிந்து, சிறுகுடலில் உடம்பில் சேரும். ராதாபுரம் பக்கம் போர்த் தண்ணியில் குளித்தால் சோப்பு நுரைக்காமல் வெள்ளையாகத் திரியுமே, அதுவும் கால்சியமும் கொழுப்பு அமிலமும் சேர்ந்ததுதான். வேதியியல்படி இந்தத் தூளும் ஒரு சோப்பு.

சரி, தமிழில் என்ன சொல்வது? பைபாஸ் சாலையைப் புறவழிச்சாலை என்கிறோம் என்பதால் 'புறவழிக் கொழுப்பு' என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது பொருந்தவில்லை. புறவழியில் போகிற நாகர்கோவில் பஸ் நாங்குநேரி ஊருக்குள் வருவதே இல்லை. இந்தக் கொழுப்போ அசைவயிற்றுக்குள் போய், மற்ற தீவனத்தோடு கிடந்து, சிதையாமல் வெளியே வருகிறது. பாதை மாறவில்லை, பாதுகாப்பு இருக்கிறது. ஆகவே 'காப்புக் கொழுப்பு' என்பதே சரி. விளக்கமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'அசைவயிற்றில் சிதையாத கொழுப்பு' எனலாம். காப்பு என்று பெயரிலேயே இருந்தால், காப்பில்லாத எண்ணெயை ஊற்றக் கை தயங்கும்.

கொழுப்புத் தீவனம் நமக்குப் புதிதும் அல்ல. கரிசல் பக்கத்துப் பருத்திக்கொட்டையில் எண்ணெய் உண்டு. முழுக் கொட்டையாகத் தின்னும்போது ஓடு இருப்பதால் அந்த எண்ணெய் மெதுவாகத்தான் வெளிவரும். அதுவும் ஒரு காப்புதான். செக்குப் புண்ணாக்கிலும் எண்ணெய் நன்றாகவே மிஞ்சியிருந்தது. இப்போது ஆலையில் கரைப்பான் வைத்து எடுத்த பிறகு வரும் புண்ணாக்கில் அது அநேகமாக இல்லை.

இது எல்லா மாட்டுக்கும் வேண்டியதில்லை. நாலைந்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நல்ல தீவனமே போதும். நிறையக் கறக்கும் கலப்பின மாட்டுக்குக் கன்று போட்டு ஆறு, எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்குப் போகும், தீனி எடுப்பது அதற்கும் பிந்தித்தான் கூடும். இடையில் மாடு தன் உடம்பைக் கரைத்துக் கறக்கிறது. மெலிகிறது, பருவத்துக்கு வருவதும் தள்ளிப்போகிறது. மாவுச்சத்தைவிட இரண்டே கால் மடங்கு எரிசக்தி தரும் கொழுப்பு அப்போதுதான் உதவும். நாளுக்கு 100 முதல் 200 கிராம், கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். சோப்பு வாடைக்கு மாடு முதலில் முகத்தைத் திருப்பும். கொஞ்சமாகத் தவிட்டில் பிசிறி வைத்து, ஒரு வாரத்தில் அளவைக் கூட்டினால் தின்னப் பழகிவிடும்.