அடைக்கோழியின் கணக்கு

புழக்கடையில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று இறங்குபவர்கள் முதலில் கேட்பது, குஞ்சு எங்கே வாங்குவது என்றுதான். ஒரு சேவலும் மூன்று பெட்டையும் இருந்தால் வாங்கவே வேண்டாம். பெட்டை நடுவில் ஓரிரு நாள் விட்டு விட்டுப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். அப்புறம் அடைக்கு உட்காரும். 21ஆம் நாள் வாக்கில் குஞ்சுகள் வெளியே வந்துவிடும்.

முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் நடுவே இரண்டு வாரம்கூட ஆகியிருக்கும். குஞ்சுகள் மட்டும் எப்படி ஒன்றாகப் பொரிகின்றன?

முட்டை தாயின் உடம்புச் சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. அதற்குள்ளேயே கரு வளரத் தொடங்கிவிடும். வெளியே வந்து ஆறியதும், சுமார் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். செத்துப்போகாது, தூங்கும். கோழி படுத்து 37.5 டிகிரி அளவில் சூடு கிடைத்ததும், முதல் நாள் இட்டதும் நேற்று இட்டதும் ஒன்றுபோல விழித்துக்கொள்ளும். ஆனால் தூக்கத்துக்கும் கெடு உண்டு. ஒரு வாரம் தாண்டினால் பொரிக்கும் திறன் குறையத் தொடங்கும்.

நம் ஊரில் சிக்கல் இங்கேதான். சித்திரை மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அலமாரியின் மேல்தட்டில் முட்டைகளைச் சேர்த்து வைத்தேன். அந்தச் சூட்டில் கரு தூங்கவும் முடியாது, ஒழுங்காக வளரவும் முடியாது. அரைகுறையாக வளர்ந்து இறந்துவிடும். 11 முட்டையில் பொரிந்தது மூன்று, மிச்சமெல்லாம் கூமுட்டை. "இடி இடிச்சதுல கெட்டிருக்கும், ஒரு இரும்புத் துண்டு போட்டு வச்சிருக்கணும்" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. கூடையில் கரியும் காய்ந்த மிளகாயும் போடுகிற வீடுகளும் உண்டு. கோடை இடி வரும் மாதமும் முட்டை வெந்துபோகும் மாதமும் ஒன்றாக இருப்பதால் பழி இடி மேல் விழுந்திருக்கும் என்பது என் கணிப்பு. அடுத்த முறை ஈர மணல் போட்ட மண்பானையின் மேல் துணி விரித்து முட்டையை வைத்தேன். மணலின் ஈரம் ஆவியாகும்போது பானை குளிர்ந்துவிடும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், அந்தக் குளிர் கருவுக்கு அதிகம்.

அடைக்கு உட்கார்ந்த கோழியின் நெஞ்சடியைத் தடவிப் பாருங்கள். கொத்தத்தான் வரும், பரவாயில்லை. அங்கே இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக, சூடாக இருக்கும். புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும்போது முட்டையிடுவது நிற்கும், அடை உட்காரும் வெறி பிடிக்கும். இரை தின்ன, எச்சமிட, ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூட வெளியே வராது. அடை தெளிய வைக்க நம்மவர்கள் கோழியைத் தண்ணீரில் முக்குவது அந்த நெஞ்சடிச் சூட்டைத் தணிக்கத்தான். மூக்கில் இறகைச் செருகுவது வெறும் வதை.

கோழி அலகால் முட்டைகளை அடிக்கடி உருட்டிவிடும். உருட்டாவிட்டால் கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சை முட்டையின் பருத்த முனையில் வைத்தால், நடுவே ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால்போலப் பரவும் ரத்த நாளங்களும் தெரியும். ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் தெளிவாக வந்தால் கரு கூடவில்லை, எடுத்துவிடலாம்.

கடைசி நாட்களில் குஞ்சு பருத்த முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்து முதல் மூச்சை இழுக்கும். உள்ளிருந்தே கீச்சிடும், தாயும் பதிலுக்குக் கொக்கரிக்கும். அப்போது ஓட்டை உடைத்து உதவப் போகாதீர்கள். மீதி மஞ்சள்கரு இன்னும் வயிற்றுக்குள் இழுபட்டுக்கொண்டிருக்கலாம், ரத்தம் கசிந்துவிடும். அந்த மஞ்சள்கருதான் குஞ்சுக்கு இரண்டு நாள் கட்டுச்சோறு. அதனால்தான் முந்திப் பொரிந்ததைப் பட்டினி போடாமல், பிந்தி வருவதற்காகத் தாய் காத்திருக்க முடிகிறது.

பிறகு குருணை, கம்பு, கிடைத்தால் கறையான். பருந்துக்குப் பயந்து பஞ்சாரம், அதாவது கவிழ்த்து மூடும் கூடை. வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய்க்குப் பஞ்சாரம் தடையாகாது. வந்தால் மருந்து கிடையாது, முழுக் கூட்டமும் போய்விடும். குஞ்சு பொரிந்த ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, எட்டாம் வாரம் ஓர் ஊசி. பத்துக் குஞ்சுதானே என்று நினைக்காமல் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மருந்துக் குப்பியை உடைத்தால் நூறு குஞ்சுக்கு வரும், சில மணி நேரத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். அக்கம்பக்கத்துக் குஞ்சுகளையும் சேர்த்துக் கூடையில் தூக்கிக்கொண்டு போவதுதான் நடைமுறை.