தொற்றுநீக்கம்: தரைக்கு ஏற்ற சொல்

உறவினரைப் பார்க்கப் போயிருந்த மருத்துவமனையில் ஓர் அறைக்கதவில் அட்டை தொங்கியது: 'இந்த அறை கிருமிநாசினி செய்யப்பட்டது.' கொரோனாக் காலம் முதல் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். நாசினி ஒரு பொருள், செயல் அன்று. 'சோப்பு செய்யப்பட்ட சட்டை' என்று யாராவது எழுதுவார்களா?

இந்தச் செயலுக்கு ஆங்கிலத்தில் 'டிஸ்இன்ஃபெக்‌ஷன்'. அதன் லத்தீன் வேருக்குச் சாயத்தில் தோய்த்தல், கறைப்படுத்தல் என்று பொருள். கிருமி வடசொல், அங்கே அது புழு. நாசினி, அழிப்பவள்.

வடசொல் என்பதற்காக நான் இதை எதிர்க்கவில்லை. 'நாசம்' பொய் உறுதி தருகிறது என்பதே என் குறை. தரையைத் துடைப்பதால் கிருமிகள் குறையும், முற்றிலும் அழியா. கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் பாக்டீரியாவின் வித்துகள் (தடித்த உறைக்குள் உறங்கும் அதன் வடிவங்கள்) சாதாரணத் துடைப்பு மருந்துக்கு மசிவதில்லை. அவற்றுக்குக் குளோரின் கலவை வேண்டும். அதையும் அழுக்கை முதலில் கழுவிவிட்டு ஊற்றி, குறித்த நேரம் ஈரமாகவே விட வேண்டும். பினாயில் வாசனை வந்துவிட்டால் வேலை முடிந்தது என்பதும், காய்ந்த தரையை விளக்குமாற்றால் பெருக்கித் தூசியைக் காற்றில் கிளப்புவதும் நாசத்தை நம்பி வந்த அலட்சியம்.

'தொற்றுநீக்கம்' நடப்பதைச் சொல்கிறது. தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல். தரையில் கிடப்பது நோயாளியின் காலுறையில் தொற்றுகிறது, காலுறை கட்டிலேறுகிறது, அங்கிருந்து கைக்கு வருகிறது. கீழே விழுந்த கைப்பேசியை எடுத்துக் காதில் வைப்பவருக்கும் இதே வழிதான். அந்தத் தொடர்ச்சியை அறுப்பதே நோக்கம். இலங்கைத் தமிழர் 'தொற்றுநீக்கல்' என்று இயல்பாக எழுதுகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் தயக்கம்?

தொற்றுநீக்கம் என்றால் நோயாளியின் உடலிலுள்ள தொற்றைப் போக்குவது என்று பொருள்பட்டுவிடும் என்பார்கள். அதற்குச் சிகிச்சை என்ற சொல் இருக்கிறது, யாரும் குழம்பப்போவதில்லை. 'கிருமியொழிப்பு' என்பதை 121 பாகை செல்சியஸ் நீராவியில் வைத்தெடுக்கும் அறுவைக் கருவிகளுக்கு ஒதுக்கலாம். அங்கே உண்மையாகவே ஒழிகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடும் மொழிபெயர்ப்பாளர், இரு வேலைகளும் ஒன்றென்று துப்புரவுப் பணியாளருக்குக் கற்பிக்கிறார்.

நீர்மத்துக்குத் தொற்றுநீக்கி, செயலுக்குத் தொற்றுநீக்கம். அந்த அட்டையில் 'தரை தொற்றுநீக்கம் செய்யப்பட்டது' என்று எழுதி, கீழே நேரத்தையும் குறித்திருக்க வேண்டும். அடுத்த சக்கர நாற்காலி உருளும்போதே அந்தத் தரை பழையபடி ஆகத் தொடங்கிவிடும்.